சாக்ஸபோன் பார்க்கப் போனவர்

மாமாவுக்குச் செருப்பு வாங்கப் போனால் கூட ஒரு துணை வேண்டும். தேர்ந்தெடுக்க அல்ல, கடைக்காரரைச் சமாதானப்படுத்த. செருப்பைக் காலில் மாட்டிக் கடைக்குள்ளேயே நாலு எட்டு வைத்துப் பார்க்கிற ஆள் இல்லை அவர். தெருவில் இறங்கி முனை வரைக்கும் போவார். அங்கே ஒரு டீ குடிப்பார். கொஞ்ச நேரம் நிற்பார், உட்காருவார், பிறகு திரும்பி வருவார். அதுவரைக்கும் கடைக்காரர் அவருடைய பழைய செருப்பைப் பிணை போல வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். நானும் அக்காவும் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்போம்.

"கடிக்குதுங்களா?" என்று கடைக்காரர் கேட்பார்.

"இப்ப இல்லீங்க. மத்தியானத்துக்கு மேல காலு கொஞ்சம் வீங்குமல்லங்க, அப்ப என்ன பண்ணுமுன்னு பாக்கோணும்."

அப்படி ஒரு தடவை வாங்கிவிட்டால் அதோடு சரி. வார் அறுந்தால் தைப்பார், அடி தேய்ந்தால் வேறு அடி போடுவார். புதுசு வாங்கலாம் என்று யாராவது சொன்னால் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும், வீட்டில் இருக்கிற ஆளை வெளியே அனுப்பச் சொன்னது மாதிரி.

அவர் என் அக்காவின் கணவர். வெள்ளகோவிலில் எங்கள் வெள்ளாமைக் காட்டில் தொடர்ந்து மழை பொய்த்த சமயம், திருப்பூருக்குப் போய் அக்கா வீட்டில் தங்கி வேலை பார் என்று அப்பா என்னை அனுப்பி வைத்தார். மண்ணரையில் ஓட்டு வீடு. மாமா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அதே கம்பெனியில் எனக்குப் பிசிர் வெட்டுகிற வேலை வாங்கிக் கொடுத்தார். தைத்து வந்த பனியனில் தொங்கும் நூல்களை வெட்டி எடுத்து, மடித்து அடுக்க வேண்டும். அங்கேயும் மாமாவின் குணம் பிரசித்தம். துணியை மேஜையில் விரித்துவிட்டுக் கத்தியைக் கையில் எடுத்தபடி நின்றுகொண்டே இருப்பார். முதலாளி வந்து எட்டிப் பார்ப்பார். "வெட்டுனா ஒட்ட முடியாதுங்களே" என்பார் மாமா. முதலாளி திரும்பிப் போய்விடுவார். ஏனென்றால் மாமா வெட்டிய துணியில் வீண் விழாது.

முகூர்த்த மாதங்களில் மாமாவுக்கு இன்னொரு வேலை இருந்தது. ஊரில் ஒரு பேண்டு செட் இருந்தது. கல்யாண ஊர்வலம், கோயில் நோம்பி எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசிப்பார்கள். அதில் மாமா சாக்ஸபோன். தும்பிக்கை போல வளைந்து, வாயில் மலர்ந்த பித்தளைக் குழல் அது. கிளாரினெட்டில் ஆரம்பித்தவர், இதன் குரலைக் கேட்ட பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் வாத்தியம் அவருடையது இல்லை, பேண்டு செட்டுக்காரருடையது. ஒரு சமயம் மாமா ஊரில் இல்லாதபோது அதை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அது கைக்குத் திரும்பி வந்தபோது வாயில் வைக்கிற முனை முழுக்க வெற்றிலைச் சாறு. மாமா கிணற்றடியில் உட்கார்ந்து அதை வெகுநேரம் கழுவினார். உள்ளே வந்து அக்காவிடம் சொன்னார்:

"எனக்குன்னு ஒண்ணு வேணும். இருக்கற வரைக்கும் அதையவே வச்சுக்கற மாதிரி."

அக்கா என்னைப் பார்த்தாள். செருப்பு ஞாபகம் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்தது.

முதலில் கோயமுத்தூரில் ஒரு கடை. புத்தம் புதுசு, வெள்ளி மாதிரி மின்னும். காலையில் போனவர் கடை சாத்துகிற வரைக்கும் வாசித்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். பிறகு குன்னூரில், பட்டாளத்து பேண்டிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் விற்கிறார் என்று கேள்விப்பட்டு மலை ஏறினார். இரண்டு நாள் அங்கேயே தங்கினார். அதுவும் வேண்டாம் என்று இறங்கி வந்தார்.

"அதுக்கு என்ன கேடாம்?" என்று அக்கா கேட்டாள்.

"கேடெல்லாம் ஒண்ணுமில்ல. ரெண்டும் பலமா ஊதறவனுக்குண்டான சாமானம்."

"உங்களுக்குப் பலமில்லாமயா கல்யாணத்துக்குக் கல்யாணம் ஊதறீங்க?"

அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அக்கா கேள்வியை விட்டுவிட்டாள், அவர் தேடலை விடவில்லை.

ரயில்வேக்காரர்கள் நிறைந்த போத்தனூரில் ஒரு அம்மா இருக்கிறார் என்று பேண்டு செட்டில் ஒருவர் சொல்லி அனுப்பினார். ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அவருடைய கணவர் ரயில் எஞ்சின் டிரைவராக இருந்தவர், காலமாகிவிட்டார். கிளப்பில் நடனத்துக்கு அவர் வாசித்த சாக்ஸபோன் வீட்டில் இருக்கிறது. அந்த அம்மா சீக்கிரம் மகனோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறப் போகிறார். மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்ததும் போனார். வாங்குகிறேன் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை இரண்டு ஷிப்ட் நின்று வெட்டுவார். விடிந்ததும் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு ரயிலுக்கு ஓடுவார். ஒரு வாரம் காய்ச்சலோடு போனார்.

மாதங்கள் ஓடின. ஒருநாள் அந்த அம்மாவிடமிருந்து ஆள் வந்தது. கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது, மதராஸிலிருந்து ஒருவர் இந்த ஞாயிறு வாத்தியத்தைப் பார்க்க வருகிறார் என்று. அக்கா சேலை மாற்றிக்கொண்டாள்.

"நானும் வர்றேன். அம்மிணி, நீயும் கெளம்பு. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகோணும்."

நாங்கள் போனபோது அந்த வீட்டில் பாதி இடம் காலியாகிவிட்டிருந்தது. சுவரில் படங்கள் இருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. இரும்புப் பெட்டிகளுக்கு நடுவில் பூப்போட்ட கவுன் அணிந்த அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். மதராஸ்காரர் எங்களுக்கு முன்பே வந்து வாசித்துக்கொண்டிருந்தார். சினிமா ஸ்டுடியோவில் வாசிக்கிறவராம். நான் அதுவரை அப்படி ஒரு வாசிப்பைக் கேட்டதில்லை. தண்ணீர் படிக்கட்டில் இறங்கி ஓடுவது போல விரல்கள் ஓடின. அக்காவின் முகம் சுருங்கிப்போனது. மாமா வாசல்படியில் நின்றபடியே கண்ணை மூடிக் கேட்டார்.

வாசித்து முடித்ததும் அந்த அம்மா மதராஸ்காரரிடம் கேட்டார். "நல்லா வாசிக்கிறே மேன். எத்தனை நாள் வெச்சுக்குவே?"

அவர் மறைக்காமல் சொன்னார். "எங்க தொழில்ல அப்படிச் சொல்ல முடியாதும்மா. இதைவிட நல்லது ஒண்ணு வந்தா மாத்தித்தான் ஆகணும்."

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு மாமா பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. இத்தனை மாசமா வர்றே. எப்பப் பாத்தாலும் தூக்கமில்லாம, மூச்சு வாங்கிட்டு வர்றே. ஒரு நாளாவது ரெஸ்ட் எடுத்துட்டு வந்து வாசிக்கக் கூடாதா?"

"அதுக்காகத்தானுங்க அப்படி வர்றது" என்றார் மாமா. எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "தெம்பா இருக்கறப்ப எதை எடுத்து ஊதுனாலும் பேசுமுங்க. எனக்கும் ஒரு நாளைக்கு வயசாகுமல்லங்க. அப்ப மூச்சு இத்தனூண்டுதான் இருக்கும். அன்னைக்கும் இது எங்கூடப் பேசோணும். பேசுமான்னு பாக்கறதுக்குத்தான் களைச்சுப்போய் வந்து வாசிச்சேனுங்க."

"பேசுதா?"

"மொத நாளே பேசிருச்சுங்க."

"அப்புறம் ஏன் மேன் எடுத்துட்டுப் போகலே?"

மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "உங்க ஊட்டுக்காரரு வாசிச்சதுங்க. நான் கேட்டு வாங்கறது சரியாப் படலீங்க. என்ற வாசிப்பக் கேட்டு, நீங்களா எடுத்துக்கன்னு சொல்லோணும்னு இருந்தேன்."

அந்த அம்மா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். முதலில் எழுந்தவர் மதராஸ்காரர்தான். சாக்ஸபோனைத் துடைத்து, உள்ளே சிவப்பு வெல்வெட் வைத்த அந்தக் கறுப்புப் பெட்டியில் படுக்க வைத்து மூடி, மாமாவின் முன்னால் கொண்டுவந்து வைத்தார். "உங்களுக்குத்தான் சார் இது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா "எடுத்துக்கோ மேன்" என்றார்.

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டமில்லை. மாமா பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சோமனூர் தாண்டியதும் அக்கா கேட்டாள். அவளுடைய பழைய கோபம் அது. அவளைப் பெண் பார்க்க மாமா மூன்று தடவை வந்தவர். காங்கேயம் காளை வாங்க வருகிறவன் கூட இத்தனை தடவை பார்க்க மாட்டான் என்று எங்கள் அப்பா அப்போது சத்தம் போட்டது எனக்கும் நினைவிருக்கிறது.

"என்னையும் இப்படித்தான் சோதிச்சுப் பாத்தீங்களாக்கும்?"

"நான் உன்னைய மொத நாளே பாத்துப்போட்டேன்" என்றார் மாமா. "நீதான் தலையக் குனிஞ்சுட்டே நின்ன. நிமுந்து ஒருக்கா என்னையப் பாக்கட்டும், புடிச்சிருந்தா சரின்னு சொல்லட்டும்னுதான் மறுக்கா மறுக்கா வந்தேன். மூணாவது தடவதான் நிமுந்த."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். திருப்பூர் ஸ்டேஷனில் இறங்கும்போது பெட்டியின் ஒரு பக்கத்தை அக்கா பிடித்திருந்தாள்.

அதற்குப் பிறகு பல வருஷம் மண்ணரை வீட்டில் சாயங்காலம் என்றால் அந்தச் சத்தம்தான். தறிகளும் மிஷின்களும் ஓய்கிற நேரத்தில் சாக்ஸபோன் ஆரம்பிக்கும். தெருவில் யாரும் குறை சொன்னதில்லை. எனக்குக் கல்யாணமாகி நல்லூருக்குப் போன பிறகும், வாரம் ஒரு நாள் அக்கா வீட்டுக்குப் போகிறபோது தெருமுனையிலேயே அது காதில் விழுந்தால், வீட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஒருநாள் போனேன், சத்தமில்லை.

கம்பெனி வாசலில் கைவண்டியில் துணிச் சுருள்களை ஏற்றியிருக்கிறார்கள். பின்பக்கம் பாரம் அதிகமாகி வண்டி சாய்ந்துவிட்டது. முன்பக்கத்து மரப்பிடி விசுக்கென்று மேலே எழும்பி, குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்த மாமாவின் வாயில் அடித்திருக்கிறது. மேல்வரிசையில் முன்பற்கள் மூன்று போய்விட்டன. உதட்டில் தையல். உயிருக்கு ஒன்றுமில்லை, கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் சாக்ஸபோனை மேல்பல்லால் கவ்விப் பிடித்துத்தான் ஊத வேண்டும். வீக்கம் வடிந்ததும் மாமா பெட்டியைத் திறந்து வாத்தியத்தை வாயில் வைத்தார். காற்றுதான் வந்தது. உதட்டை இறுக்கிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். தையல் போட்ட இடத்தில் ரத்தம் கசிந்தது. துடைத்து, மூடி, பரண்மேல் வைத்துவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து, நான் இருக்கும்போதே அக்காவிடம் சொன்னார். "அதைய வித்துப்போடலாம். வாசிக்காம வச்சிருக்கறது அதுக்குப் பாவம்."

எனக்குத் திக்கென்றது. ஒரு பொருளை விட்டுவிடுகிறேன் என்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அக்கா அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"வித்துக்குங்க. ஆனா ஆளப் பாத்துக் குடுங்க. கண்டவங்க கையில குடுத்துறாதீங்க."

அக்கா கெட்டிக்காரி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஈரோட்டிலிருந்து ஒருவர் வந்து, வாசிப்பதற்கு முன்னால் பித்தளையை விரலால் தட்டிப் பார்த்தார். குடம் வாங்க வந்தவர் என்று மாமா அனுப்பிவிட்டார். இன்னொருவர் நன்றாகத்தான் வாசித்தார், ஆனால் முடித்ததும் துடைக்காமல் பெட்டியில் வைத்தார். அவருக்கும் இல்லை. பல்லடத்துக்காரர் ஒருவர் ஒரே பாட்டில் திருப்தியாகி இப்போதே எடுத்துப் போகிறேன் என்றார். "இத்தனை அவசரப்படறவரு எத்தனை நாளைக்கு வச்சிருப்பாருங்க?" என்று மாமா கேட்டார். ஒவ்வொருவர் போன பிறகும் அக்கா காப்பி டம்ளர்களைக் கழுவும் சத்தத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும்.

கடைசியில் ஒருவர் வந்தார். காங்கேயம் பக்கத்துக்காரர், தறி ஓட்டுகிறவர். அவர்கள் ஊர் மாதா கோயிலில் பாட்டுக்கு வாசிப்பவராம். கூடவே மனைவியும் வந்திருந்தார். சாக்ஸபோனை வாங்கியதும் முதலில் துடைத்தார். மெதுவாக வாசித்தார். இன்னொரு நாள் வந்து பார்க்கலாமா என்று கேட்டார். வந்தார். மறுபடியும் வந்தார். ஒருதடவை ஷிப்ட் முடிந்த கையோடு பஞ்சு ஒட்டிய தலையோடு வந்து வாசித்தார். மாமாவால் அவரிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"தைப்பூசம் கழிச்சு வந்து எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்று அக்கா நல்லூருக்கு என் வீட்டைத் தேடி வந்தாள். வந்ததும் உட்காரக்கூட இல்லை. "இந்த ஆளு நல்லவரா இருக்கறாரு அம்மிணி. என்ன பண்ணறது?" என்று கேட்டாள். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது, ஒரு பக்கம் அழுகை வந்தது. என் வீட்டுக்காரர்தான் கோயமுத்தூரில் ஒரு பல் டாக்டரைச் சொன்னார். நானும் அக்காவும் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனோம். சோறு தின்ன வேண்டுமே, பல் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் கூட்டிப்போனோம். பெட்டியைத் துணியில் சுற்றி அக்கா எடுத்து வந்தாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, "கட்டிடலாம். சாதாரணப் பல்லுதானே?" என்றார்.

"ஊதறதுக்குங்க" என்றாள் அக்கா.

டாக்டருக்குப் புரியவில்லை. அக்கா துணியைப் பிரித்துப் பெட்டியைத் திறந்து காட்டினாள். மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார். "சோத்தப் பெசஞ்சு தின்னுக்குவாருங்க" என்று அக்கா தொடர்ந்தாள். "ஊதறதுக்கு நிக்கற மாதிரி வேணும்."

நல்ல வேளை, அந்த டாக்டர் பொறுமைசாலி. அதோடு அவருக்கும் இது புது விஷயம். முதலில் கட்டிய பல் மாமா ஒரு ஊது ஊதியதும் கழன்று மேஜையில் போய் விழுந்தது. அடுத்தது நின்றது, ஆனால் ஈறை அறுத்தது. அதற்கடுத்ததில் பக்கத்துப் பற்களைப் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தார், நுனியைத் தடிமனாக்கினார். அதைத் திருத்தி வாங்கியபோது தைப்பூசமும் முடிந்துவிட்டது. மாமா அதை மாட்டிக்கொண்டு பேசிப் பார்த்தார், முறுக்கு கடித்துப் பார்த்தார், படுத்துத் தூங்கிப் பார்த்தார். சாக்ஸபோனை மட்டும் தொடவில்லை.

"ஒருக்கா ஊதிப் பாருங்களேன்" என்று அக்கா கெஞ்சினாள்.

"ஒருத்தருக்குக் குடுக்கறேன்னு சொன்ன சாமானம். இனி நான் தொடறது முறையில்ல."

அவர் பயப்படுகிறார் என்று எங்களுக்குத் தெரியும். நாங்களும் பயந்துதான் இருந்தோம்.

சொன்னபடியே காங்கேயத்துக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். மாமா பரண்மேலிருந்து பெட்டியை இறக்கி, துடைத்து, பாயின் நடுவில் வைத்தார். அந்த மனிதர் உடனே தொடவில்லை.

"ஏனுங்க, நீங்க வாசிச்சு நான் கேட்டதே இல்லீங்க" என்றார். "ஒரே ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க. அது எப்படிப் பேசுமுன்னு உங்க கிட்டக் கேட்டுட்டா, நான் எடுத்துட்டுப் போறதுக்கு மனசுக்குச் சமாதானமா இருக்குமுங்க."

மாமாவுக்கு மறுக்க வழியில்லை. எடுத்தார். கழுத்தில் வாரை மாட்டினார். முதல் மூச்சு வெறும் காற்றாகப் போனது. அக்கா சமையற்கட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா உதட்டைச் சரிசெய்துகொண்டு, மறுபடி வைத்து, மிக மெதுவாக ஊதினார். குரல் வந்தது. நடுங்கியது, ஆனால் உடையவில்லை. அவர் அதை நீட்டிக்கொண்டே போனார், விட்டால் திரும்ப வராது என்பது போல. பிறகு மூச்செடுத்து அடுத்த சுரத்துக்குப் போனார். அதுவும் நின்றது. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

பாட்டென்று ஒன்றும் இல்லை. ஏறினார், இறங்கினார், அவ்வளவுதான். வைத்தபோது கன்னமெல்லாம் நனைந்திருந்தது. காங்கேயத்துக்காரர் எழுந்து பெட்டியை மாமா பக்கமாக நகர்த்தினார்.

"எனக்குன்னு வேற ஒண்ணு பாத்துக்கறேனுங்க."

"சொன்ன வாக்கு ஒண்ணு இருக்குதுங்களே" என்றார் மாமா.

"நான்தானே வேண்டாங்கறேன். இதோ இவ நேத்தையில இருந்து ஒரே பாட்டு. அந்த மனுசரு கிட்டருந்து அதைய வாங்கிட்டு வந்தா ஊட்டுல நிம்மதியா வாசிக்கவே முடியாதுன்னா. எனக்கும் பஸ்ஸுல வரவர, பாதியில எறங்கித் திரும்பிரலாமான்னு இருந்துதுங்க. இப்பத்தானுங்க சரியாச்சு."

அவர் மனைவி சிரித்துவிட்டார். அக்கா உள்ளே போனாள். அவள் அழுகிறாளோ என்று பின்னாலேயே போனேன். பருப்பு ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இருந்து சாப்புட்டுத்தான் போகோணும்" என்று உள்ளேயிருந்தே உரக்கச் சொன்னாள்.

சாப்பிட்டுவிட்டு அவர்கள் கிளம்பியபோது மாமா வழியனுப்பப் பஸ் நிற்கிற இடம் வரை போனார். வெகுநேரமாகியும் திரும்பவில்லை. "போய் என்னன்னு பாத்துட்டு வா" என்று அக்கா என்னை அனுப்பினாள். போனேன். காங்கேயம் பஸ் ஒன்று அவர்கள் முன்னாலேயே நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுப் போனது. யாரும் ஏறவில்லை. காங்கேயத்துக்காரர் மனைவி புளியமரத்தடியில் பையை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டார். எங்கெங்கே போய்த் தேடலாம், எதைப் பார்த்து வாங்கலாம் என்று இரண்டு ஆண்களும் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடிபட்ட நாளிலிருந்து துண்டால் வாயை மறைத்தே பேசிக்கொண்டிருந்த மாமா, அன்று நடுரோட்டில், புதுப்பல் மூன்றும் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

நான் கூப்பிடவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்தது. அதையும் விட்டார்கள்.